டிவிடி பிளேயர்ல 1080பி வச்சா கறுப்பு ஸ்கிரீன், 576பி வச்சா எல்லாரும் குண்டு. யாராவது உதவுங்க

திண்டிவனத்தான்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. 2007ல எங்க அக்கா கல்யாணம், அதோட டிவிடி மூணு டிஸ்க் வீட்ல இருக்கு, கூடவே அப்பா வாங்கிச் சேர்த்த பட டிவிடி ஒரு நூத்தம்பது தேறும், பாதி மோசர் பேயர் 34 ரூபாய்க்கு வித்தப்ப பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்கினது. பழைய பிளேயர்ல தட்டு வெளியவே வர மாட்டேங்குது, அது போகட்டும். போன மாசம் 43 இன்ச் 4கே டிவி வாங்கினோம், அதுல மஞ்ச சிவப்பு வெள்ளை ஜாக்கே கிடையாது. அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்குப் போய் எச்டிஎம்ஐ இருக்குற பழைய பிளேயர் ஒண்ணு 1,800 ரூபாய்க்குப் பிடிச்சேன், முன்னாடியே '1080பி அப்ஸ்கேலிங்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதாவது டிவிடி படத்த 1080 வரிக்குப் பெருசாக்கி அனுப்புமாம். கடைக்காரரும் ப்ளூரே மாதிரி வரும் தம்பின்னாரு.

இப்ப என்னன்னா 1080பி வச்சா படம் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி மின்னுது, ரெண்டு நிமிஷத்துல ஸ்கிரீன் கறுப்பாகி 'நோ சிக்னல்', அப்புறம் தானா வருது, திரும்பப் போகுது. 576பி, அதாவது டிவிடியோட சொந்த 576 வரி, வச்சா நிக்குது, ஆனா ஆளுங்க எல்லாம் நசுங்கின மாதிரி இருக்காங்க. கல்யாண டிவிடி போட்டேன், அப்பா பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடுற சீன், அம்மா பாத்துட்டு "உங்கப்பா எப்படா இவ்ளோ குண்டா இருந்தாரு"ன்னுட்டாங்க. அப்பா இப்ப இல்ல, அதனாலதான் இத சரி பண்ணியே ஆகணும்னு இருக்கேன். அதுபோக டிடிஎஸ் (சரவுண்ட் சவுண்ட்) டிஸ்க் போட்டா ஆம்ப்ல சத்தமே இல்ல. பிளேயர திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கவா?

நைட்ஷோ:
தல, எச்டிசிபி பிரச்சினையா இருக்கும். டிவிக்கும் பிளேயருக்கும் காப்பி பாதுகாப்பு கை குலுக்கல் நடக்கலன்னா கறுப்புதான் வரும். பிளேயர மாத்துங்க.

பழைய_டெக்:
நைட்ஷோ ப்ரோ, அவசரப்படாதீங்க. எச்டிசிபி ஒத்து வரலன்னா கடையில வாங்குன பட டிஸ்க் 576பிலயும் எச்டிஎம்ஐ வழியா வந்திருக்காது. அவருக்கு வருதே.

வெள்ளைப் புள்ளி மின்னுதுன்னாலே எனக்குக் கேபிள் மேலதான் சந்தேகம். திண்டிவனம், கேபிள் எத்தன மீட்டர்? இன்னொண்ணு, பட டிவிடிலயும் ஆள் குண்டாதான் இருக்காங்களா, மேல கீழ கறுப்புப் பட்டை எவ்ளோ இருக்குன்னு சொல்லுங்க.

திண்டிவனத்தான்:
அண்ணா கேபிள் 10 மீட்டர். டிவி ஒரு சுவர்ல, ஆம்பும் பிளேயரும் எதிர் சுவர் ஷோகேஸ்ல, நடுவுல சுவத்துக்குள்ள பைப்ல போட்டுட்டாங்க. கேபிள் மேல '4கே'ன்னுதான் அச்சடிச்சிருக்கு, 450 ரூபா. படத்துலயும் குண்டுதான், இப்ப நீங்க சொன்னதும் பாத்தேன், சினிமாஸ்கோப் படமெல்லாம் நடுவுல ஒரு ரிப்பன் மாதிரி ஓடுது, ஸ்கிரீன்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் படம், மிச்சம் கறுப்பு.

பழைய_டெக்:
மாட்டிக்கிச்சு. ரெண்டும் தனித்தனி கோளாறு.

முதல்ல கறுப்பாகுறது. 576பி போறதுக்கு வயர்ல 27 மெகாஹெர்ட்ஸ் போதும், 1080பிக்கு 148.5. அதாவது அஞ்சரை மடங்கு. 10 மீட்டர் மலிவு வயர் 27அ தாங்கும், 148ல மூச்சு வாங்கும், அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. மேல என்ன அச்சடிச்சிருந்தாலும் உள்ள இருக்குற செம்பு எவ்ளோ மெலிசோ அவ்ளோதான். பிளேயரத் தூக்கிட்டுப் போய் டிவி பக்கத்துல ஸ்டூல் போட்டு வச்சு, செட்டாப் பாக்ஸுக்கு வந்த சின்ன வயர்ல குத்தி 1080பி வைங்க. அரை மணி நேரம் நின்னா பிளேயர் நல்லாருக்குன்னு அர்த்தம், 1,800 வீண் போகல.

ரெண்டாவது குண்டு. பிளேயர் செட்டப்ல 'டிவி டைப்'னு ஒண்ணு இருக்கும், உங்களது '4:3 எல்பி' (லெட்டர்பாக்ஸ்)ல நிக்குது பாருங்க. டப்பா டிவி காலத்து செட்டிங், முன்னாடி வச்சிருந்தவர் மாத்தாம வித்திருப்பாரு. பிளேயர் எதிர்ல சதுர டிவி இருக்குன்னு நெனச்சு படத்த மேலயும் கீழயும் அமுக்கி அனுப்புது, உங்க டிவி அத வாங்கி அகலத்துக்கு இழுத்துக் காட்டுது. அகலத் திரைக்குன்னு எடுத்த டிஸ்க்ல சினிமாஸ்கோப் படத்துக்கு 576ல 436 வரி கிடைக்கணும், எல்பி போட்டா 327தான் மிஞ்சும். இருக்குற கொஞ்ச விவரத்தையும் பிளேயரே தூக்கிப் போட்டுட்டு அப்புறம் 1080பின்னு பெருசாக்கி என்ன பிரயோஜனம் சொல்லுங்க. டிஸ்க்க நிறுத்திட்டு செட்டப் போய் 16:9 (அகல டிவி) பண்ணுங்க.

கோவை_ஆடியோ:
டிடிஎஸ்ஸுக்கு நான் சொல்றேன். ஆம்ப் அசெம்பிள் செட்டா? டிகோடர் போர்டு இருக்கா? பிளேயர்ல இருந்து ஆம்புக்கு எந்த வயர்?

திண்டிவனத்தான்:
ஆமாண்ணா, பாண்டிச்சேரில ஒருத்தர் போட்டுக் குடுத்த 5.1 செட், டிகோடர் போர்டு இருக்கு, பிளேயர் பின்னாடி ஆரஞ்சு கலர் ஜாக்ல இருந்து ஒத்த வயர் போகுது.

கோவை_ஆடியோ:
அப்ப வயர் சரிதான். ஆடியோ செட்டப்ல டிஜிட்டல் அவுட் 'பிசிஎம்'ல (பிளேயரே பிரிச்சு அனுப்புறது) இருக்கும், அத 'ரா'னோ 'பிட்ஸ்ட்ரீம்'னோ (பிரிக்காம அப்படியே அனுப்புறது) போட்டிருக்குறதுக்கு மாத்துங்க. சில பிளேயர்ல டிடிஎஸ்ஸுக்கு மட்டும் தனியா ஆஃப் இருக்கும், அதையும் ஆன் பண்ணணும். பிசிஎம்ல வச்சா டால்பி டிஸ்க் ரெண்டு ஸ்பீக்கர்ல பாடும், டிடிஎஸ் ஊமையாகிடும், ஏன்னா நிறைய பிளேயருக்கு டிடிஎஸ்ஸ உள்ளயே பிரிக்கத் தெரியாது. ஆனா முதல் தடவ மாத்துறப்ப வால்யூம கொறச்சு வைங்க, போர்டு சரியா பிடிக்கலன்னா கொர்ர்னு ஒரு இரைச்சல் வரும், எங்க வீட்ல பூனை ரெண்டு நாள் ஹாலுக்கே வரல.

நைட்ஷோ:
எல்லாம் சரி, கேபிள் மாத்தி 1080பி வந்துட்டா படம் ப்ளூரே அளவுக்கு வருமா இல்லையா? அதுக்குத்தான அப்ஸ்கேலிங்?

பழைய_டெக்:
வராது ப்ரோ. கணக்கு சுலபம். பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை) டிவிடில ஒரு படச் சட்டம் 720க்கு 576, மொத்தம் 4,14,720 புள்ளி. 1080பில 20,73,600. சரியா அஞ்சு மடங்கு. டிஸ்க்ல இருக்குறது ஒரு பங்கு, மிச்ச நாலு பங்க பக்கத்துப் புள்ளியப் பாத்து பிளேயர் தானா நெரப்புது. சாம்பார்ல தண்ணி விளாவி பந்திய சமாளிக்கிற கதைதான், எல்லாருக்கும் வரும், பருப்பு அதேதான். அதுவும் உங்க டிவி 4கே, அது திரும்பவும் நாலு மடங்கு பெருசாக்கும். ஆக பெருசாக்குற வேலை எப்படியும் நடக்குது, யாரு பண்றாங்கங்கறதுதான் கேள்வி. பிளேயர் பண்ணா நல்லாருக்கா டிவி பண்ணா நல்லாருக்கான்னு கண்ணால பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

திண்டிவனம், கல்யாண டிவிடிலயே சோதிச்சுப் பாருங்க. அம்மா பட்டுச்சேலை பார்டர் சாய்வா வர்ற இடத்துல பாஸ் பண்ணாம ஓட விட்டுப் பாருங்க, ஜரிகைக் கோடு படிக்கட்டு மாதிரி நெளியுதா நேரா ஓடுதான்னு. 576ல ஒரு தடவ, 1080ல ஒரு தடவ. எது நேரா இருக்கோ அத வச்சுக்கோங்க, ஸ்டிக்கர பாக்காதீங்க.

மல்லிகா_அக்கா:
வாங்குறதப் பத்தி ஒரு வார்த்தை. திருப்பிக் குடுக்கலன்னா விடுங்க, ஆனா இனிமே யாராவது வாங்குறதா இருந்தா இந்தக் காசுக்குக் கொஞ்சம் மேல போட்டு பழைய ப்ளூரே பிளேயராவோ பழைய பிஎஸ்3 கேம் பெட்டியாவோ பாருங்க. ரெண்டுமே டிவிடிய அப்ஸ்கேல் பண்ணும், பின்னாடி ப்ளூரே டிஸ்க்கும் போடலாம். ஓப்போன்னு ஒரு கம்பெனி இதுக்குன்னே பேர் வாங்குச்சு, 2018ல பிளேயர் தொழிலயே விட்டுட்டாங்க, சாம்சங் 2019ல நிறுத்திட்டாங்க. புதுசுன்னு தேடினா சாய்ஸ் கம்மி. பழசு வாங்குறப்ப கடையிலயே உங்க டிஸ்க் ஒண்ணக் குடுத்து கடைசி சாப்டர போடச் சொல்லுங்க. லென்ஸ் தேஞ்சிருந்தா முதல் பாதி நல்லா ஓடும், வெளி ஓரத்துல திக்கும். ரிமோட் இருக்கான்னு பாருங்க, ரிமோட் இல்லாம செட்டப்புக்குள்ள போறது ரொம்பக் கஷ்டம்.

திண்டிவனத்தான்:
எல்லாருக்கும் கோடி நன்றி. ஸ்டூல் போட்டுப் பாத்தேன், சின்ன வயர்ல 1080பி ஒரு மணி நேரம் அசையாம நின்னுச்சு. சுவத்துக்குள்ள இருக்குறத இழுக்க முடியல, அதனால பிளேயர டிவி கீழயே வச்சுட்டு ஆம்புக்கு மட்டும் அந்த ஆரஞ்சு வயர நீட்டிட்டேன். டிவி டைப் நீங்க சொன்ன மாதிரியே 4:3 எல்பி. 16:9 பண்ணதும் படமெல்லாம் பளிச்னு ஆயிடுச்சு, டிடிஎஸ்ஸும் வந்துடுச்சு, இரைச்சல் வரல.

ஆனா கல்யாண டிவிடி இன்னும் குண்டு. டிவி ரிமோட்ல பிக்சர் சைஸ் போனா 4:3ங்கறது மங்கலா இருக்கு, செலக்ட் ஆகல. அப்புறம் நாதஸ்வரக்காரர் கை ஆடுறப்ப விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது.

பழைய_டெக்:
1080பி உள்ள போறப்ப நிறைய டிவி 4:3அ பூட்டி வச்சுடும், வர்றதே அகலப் படம்னு அது நம்புது. கல்யாண டிவிடிக்கு மட்டும் பிளேயர 576பிக்கு இறக்குங்க, டிவில 4:3 தானா திறக்கும். ரெண்டு பக்கமும் கறுப்பு வரும், அம்மா கேட்டா அதுதான் சரின்னு சொல்லிடுங்க.

சீப்புப் பல்லு, அது இன்டர்லேஸ். அந்தக் காலத்து டேப் கேமரா செகண்டுக்கு 50 தடவ பாதிப் பாதி வரியா எடுக்கும், ஒத்தைப்படை வரி ஒரு தடவ, இரட்டைப்படை வரி ஒரு தடவ. ரெண்டையும் சேக்குறப்ப நடுவுல கை நகந்திருந்தா பல்லு தெரியும். பிளேயர்ல 576ஐன்னு (வரிகள சேக்காம பாதிப் பாதியாவே அனுப்புறது) இருந்தா அதுல விட்டு டிவியவே சேக்கச் சொல்லுங்க, பல தடவ அதுலயே போயிடும். போகலன்னா எடிட்டிங்லயே அச்சாகிடுச்சு, எந்தப் பிளேயர் போட்டாலும் போகாது.

திண்டிவனத்தான்:
576ஐல போயிடுச்சுண்ணா! அந்த ஹார்ட்டின் ஷேப்புக்குள்ள மணமக்கள் சுத்திட்டு வர்ற இடத்துல மட்டும் இருக்கு, அது எடிட்டர் வேலைன்னு விட்டுட்டேன். அம்மா நேத்து ராத்திரி பந்தி சீன மூணு தடவ போடச் சொன்னாங்க. அப்பா ஒல்லியாயிட்டாரு. ரெண்டாவது டிஸ்க்ல தாலி கட்டி முடிஞ்சு மொய் எழுதுற இடத்துல மட்டும் படம் நின்னு நின்னு போகுது, அதுக்கு ஏதாவது வழி?

மல்லிகா_அக்கா:
தம்பி, அடிப்பக்கம் ஊதா கலரா இருக்கா? அப்ப அது பர்ன் பண்ண டிஸ்க், அந்தச் சாயம் வருஷம் போகப் போக வெளுத்துடும். இனிமே அதப் பிளேயர்ல போட்டுத் தேய்க்காதீங்க. மெத்துன்னு இருக்குற பருத்தித் துணில நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா தொடைங்க, வட்டமா தேய்க்கக் கூடாது. அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு உள்ள இருக்குற 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, ஒரு டிஸ்க் நாலு ஜிபிக்குக் கொஞ்சம் மேல வரும். ரெண்டு இடத்துல வைங்க. விஎல்சிங்கற வீடியோ சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கலாம், அதுலயும் அந்தச் சீப்புப் பல்லு போக டிஇன்டர்லேஸ் ஆன் பண்ணிக்கோங்க.

திண்டிவனத்தான்:
ஊதாதான்க்கா. முதல் டிஸ்க்கும் மூணாவதும் காப்பி ஆயிடுச்சு. ரெண்டாவது 71 சதவீதத்துல நிக்குது.

மல்லிகா_அக்கா:
கேன்சல் பண்ணிட்டு வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க. பழைய டெஸ்க்டாப் டிரைவ் கிடைச்சா இன்னும் நல்லது, லேப்டாப் டிரைவ் விடுற டிஸ்க்க அது படிச்சு நான் பாத்திருக்கேன்.

திண்டிவனத்தான்:
பக்கத்து ஜெராக்ஸ் கடையில ஒண்ணு இருக்கு, காலைல டிஸ்க்க எடுத்துட்டுப் போறேன்.