குண்டை எது நிறுத்தும்? நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

புத்தகக் கட்டு, தாச்சி, கார்க்கதவு என்று ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துச் சுட்டுப் பார்க்கும் காணொளிகளை என் மகன் ஓயாமல் பார்க்கிறான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்தவர்களுக்கு இதெல்லாம் காணொளியில் கற்க வேண்டிய விடயமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
1987 ஒக்டோபர்ச் சண்டையின்போது அம்மம்மா எங்களை இரும்பு அலுமாரிக்குப் பின்னால்தான் இருத்துவார். நாங்கள் கோயிலில் தங்கியிருந்த ஒருநாள், யன்னலால் வந்த சன்னம் (துப்பாக்கிக் குண்டு) அலுமாரிக் கதவு, மடித்த சேலைகள், முதுகுத் தகடு எல்லாவற்றையும் துளைத்துப் பின்சுவரில் புதைந்திருந்தது. அந்தத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வருமா? நிறுத்தியது பழைய சுண்ணாம்புக்கல் சுவர். அடுத்த கிழமையே அம்மம்மா பங்கர் (பதுங்குகுழி) வெட்ட ஆள் பிடித்துவிட்டார்.

வன்னியிலிருந்து:
மண்தான், வேறு பேச்சே இல்லை. ஏகே வகைத் துப்பாக்கியிலிருந்து சன்னம் செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. மண்ணுக்குள் நுழைந்ததும் பக்கவாட்டில் புரளும். மணல் மணிகள் நெருக்கி உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடும். உலர்ந்த மணல் என்றால் ஒரு முழத்துக்குள் கதை முடிந்தது. ஈர மணல் அந்தளவுக்குத் தாங்காது.

பங்கருக்கு மண்மூட்டை அடுக்குவதில் எங்கள் மாமா பெரிய கண்டிப்புக்காரர். செங்கல் சுவர்போல, பொருத்துக்கு மேல் பொருத்து வரக் கூடாது. மேலே பனங்குற்றிகளை இடைவெளியின்றிப் பரப்பி, அதன்மேல் மண் போட வேண்டும். பனைக்கு வெளிப்புறம்தான் வைரம், நடுவில் வெறும் சோறு, குற்றியை மட்டும் நம்பாதே என்பார். சிதறல் நேரே உள்ளே வராதபடி வாசல் 'ட' வடிவில் திரும்ப வேண்டும்.

முள்ளிவாய்க்கால்வரை போனவள் எழுதுகிறேன்:
2009இல் சாக்குக்கு எங்கே போவது? சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்தோம். பட்டு வழுக்கும், அடுக்கு சரியும், நூல்சேலைதான் நின்றது. ஆனாலும் கடைசியில் கூறைச் சேலைகளும் போயின. கடற்கரை மண்ணை ஆழத் தோண்டினால் தண்ணீர் ஊறும். ஆகவே பாதி பள்ளம், மீதி மூட்டை. சன்னத்துக்குத் தாங்கியது. எறிகணை நேரே விழுந்தால் எதுவும் தாங்காது.

கேட்டவர்:
தண்ணீர்ப் பீப்பாயும் தடுக்கும் என்கிறான் மகன். உண்மையா அக்கா?

முள்ளிவாய்க்கால்வரை போனவள்:
தடுக்குமாம். வேகமான சன்னம் தண்ணீரில் கொஞ்சத் தூரத்திலேயே உடைந்துவிடும் என்று நானும் பிறகு படித்தேன். எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இருக்கவில்லை, தம்பி.