காய்ந்த புல்வெளி மாட்டுக்கு முதலில் எது: புரதமா, மாவுச்சத்தா?

செங்குன்றம் தீவனக்கடை:
என் தம்பி வட ஆஸ்திரேலியாவில், கேத்தரின் என்ற ஊர்ப் பக்கம் ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே மழை நின்று பல மாதங்கள் ஆகின்றன. அவன் அனுப்பிய படத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. ஆனால் மாடுகளுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். யூரியா, உப்பு, கொஞ்சம் புண்ணாக்கு கலந்து நக்க வைக்கிறார்களாம், தானியம் கிடையாதாம். மெலிந்த மாட்டுக்கு முதலில் தெம்பு வேண்டாமா? மக்காச்சோள மாவோ அரிசிக் குருணையோ வைத்தால் உடம்பு தேறிவிடும். வயலுக்குப் போடும் உரத்தை மாட்டுக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேப்பேரி மாணவி:
அண்ணா, அந்த மாட்டின் வயிற்றில் புல் நிறையவே கிடக்கிறது. அதைச் செரிக்கத்தான் ஆள் இல்லை. முதல் வயிற்றில் நாரை உடைப்பவை நுண்ணுயிர்கள், அவை பெருக நைட்ரஜன் வேண்டும். அது புரதத்திலும் இருக்கிறது, யூரியாவிலும் இருக்கிறது. வெப்பமண்டலப் புல் பூத்து முற்றியதும் தண்டு கட்டையாகிவிடும், புரதம் 3, 4 சதவீதத்துக்குக்கூட இறங்கிவிடும். ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனாலே நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். தின்ற புல் உள்ளேயே தங்கும், தங்குவதால் மாடு மேலும் மேயாது. இந்த நிலையில் சிறிதளவு புரதம் கிடைத்தால் அதே காய்ந்த புல்லை அதிகமாகத் தின்னும்.

குருணை வைத்தால் நடப்பது நேர்மாறு. மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற சொற்ப நைட்ரஜனையும் பிடுங்கிக்கொள்ளும். அமிலம் ஏறும், நார் செரிப்பவை ஒடுங்கும். மாடு மேய்ச்சலை விட்டுத் தொட்டியருகே காத்து நிற்கும்.

பூந்தமல்லி மாட்டுக்காரர்:
மாணவி சொல்வது வயிற்றுக் கணக்கு. நான் காசுக் கணக்கு கேட்கிறேன். மழையில்லாக் காலத்தில் இளைத்த இறைச்சி மாடு, மழை வந்து பச்சைப் புல் தழைத்ததும் மற்ற மாட்டைவிட வேகமாக எடை போடும். தீவனம் தின்ற மாட்டுக்கும் தின்னாத மாட்டுக்கும் இருந்த இடைவெளி அப்போது பெரும்பாலும் குறைந்துவிடும். பிறகு எதற்கு அந்தச் செலவு? மேலும் அங்கே இருப்பது பெரும்பாலும் பிராமன் (Brahman) என்ற மாட்டினத்தின் இரத்தம் கலந்த மாடு, நம் பக்கத்துத் திமில் மாட்டின் வழி வந்தது. வறட்சியைத் தாங்கும்.

வேப்பேரி மாணவி:
நீங்கள் சொல்லும் ஈடுகட்டும் வளர்ச்சி உண்மைதான் அண்ணா. அதனால்தான் நன்றாக இருக்கும் இளங்காளைக்கு நான் புரதம் கேட்கவில்லை. சினையாக இருக்கும் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமாகக் கன்று ஈன்றால் அது மீண்டும் பருவத்துக்கு வரவே தாமதமாகும், அடுத்த ஆண்டுக் கன்று போய்விடும். எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டை எந்த மழையும் எழுப்பாது. வட ஆஸ்திரேலியாவில் நக்குத் தீவனம் முதலில் உயிரைக் காக்கத்தான், எடை அதற்குப் பிறகு.

மாதவரம் ஓய்வுபெற்ற மருத்துவர்:
மாணவி சொன்ன அடிப்படை சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: புல்லே இல்லாத இடத்தில் யூரியா பயன்படாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, ஆற்றல் துளியும் இல்லை. காய்ந்த புல்லாவது நிறைய இருக்க வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 60 கிராம் வரைதான், அதையும் சிறிது சிறிதாகப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். கந்தகமும் சேர வேண்டும்.

அளவைவிட எனக்குப் பயம் தொட்டியைப் பற்றித்தான். எதிர்பாராத மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் யூரியா அதில் கரைந்துவிடும். தாகத்தில் மாடு அதை உறிஞ்சிக் குடித்தால் நடுக்கம், நுரை, வயிற்று உப்புசம், சில மணி நேரத்தில் சாவு. தொட்டியின் அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்களா, மேலே கூரை உண்டா என்று தம்பியிடம் கேளுங்கள். யூரியா நஞ்சேறினால் உடனே ஊற்ற வினிகரும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

குருணை பற்றி ஒரு வார்த்தை. முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் கல்யாண மண்டபத்துச் சோற்றைத் தின்றுவிட்டு, புளித்த நாற்றத்தோடு கழிந்துகொண்டு, தள்ளாடி வரும் மாடுகளை இந்தச் சென்னையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

செங்குன்றம் தீவனக்கடை:
ஐயா, கொட்டிக் கிடக்கும் சோறு வேறு, அளந்து வைக்கும் குருணை வேறு. புண்ணாக்கோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன கேடு? நான் யூரியாவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

மாதவரம் ஓய்வுபெற்ற மருத்துவர்:
புண்ணாக்கோடு சேர்த்து, அளவாகக் கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வைத்தால்கூடப் பலன் பெரிதாகக் குறையாது. ஆயிரக்கணக்கான மாடு மேயும் பண்ணையில் புண்ணாக்கு லாரிச் செலவு கட்டுப்படியாகாது, அதனால்தான் யூரியா.

வேப்பேரி மாணவி:
அண்ணா, தம்பியிடம் சாணத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புரதம் போதாத மாட்டின் சாணம் இறுகி, அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கும். உடைத்தால் நீள நீளமாக நார் தெரியும். நக்குத் தீவனம் வைத்தும் அப்படியே இருந்தால், மாடு தொட்டிப் பக்கம் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து நக்குத் தீவனத் தொட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?