டெல்டாவில் வயதான தன்பாலீர்ப்பு ஆண்களிடம் உடல்நல ஆய்வு: கூப்பன் முறை சரிப்படுமா?

அரசலாறு:
தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் 55 வயதைத் தாண்டிய தன்பாலீர்ப்பு ஆண்களிடம் உடல்நல ஆய்வு நடத்துவதானால் ஆட்களை எப்படிச் சேர்ப்பது? கூப்பன் சங்கிலிதான் வழி என்பேன். முதலில் ஐந்தாறு பேர். ஒவ்வொருவர் கையிலும் 3 கூப்பன். தெரிந்தவர்களுக்கு அவரே கொடுப்பார். வந்தவருக்குப் பயணப்படி, அனுப்பியவருக்கும் ஒரு தொகை. பெயர்ப்பட்டியல் இல்லாத சமூகங்களில் பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டக் களப்பணியாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது பஸ் ஸ்டாண்டுக்கும் பூங்காவுக்கும் வருகிறவர்களை. பேரன் எடுத்தவர் அங்கே போவதை எப்போதோ நிறுத்தியிருப்பார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அவரிடம் கேட்கவேண்டிய மற்றதைத் திண்ணையில் வைத்து யார் கேட்பது?

வெண்ணாறு:
இதை ஒத்துக்க முடியாதுங்க. ‘உங்களுக்கு இப்படி எத்தனை பேரைத் தெரியும்?’னு கேட்டு, அந்த எண்ணை வச்சுத்தான் ஒவ்வொருத்தர் பதிலையும் மொத்தக் கணக்குல எவ்வளவு சேர்க்கணும்னு முடிவு பண்ணுவீங்க. அறுபது வயசுக்காரருக்குத் தெரிஞ்சது ரெண்டு மூணு பேர். அவங்களும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. சங்கிலி ரெண்டாவது சுற்றிலயே அறுந்துடும். அப்புறம் நீங்க போடுற சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

அந்த ரெண்டு மூணு பேர் எப்படிப்பட்ட உறவுன்னும் பாருங்க. காலையில ஒரு டீ, திருவிழாவுல ஒரு சந்திப்பு, வருஷத்துல நாலு போன். அதுல ஒருத்தர் செத்துப்போனா சேதி சொல்ல ஆள் கிடையாது. சுவத்துல ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். மாலையோட போய் ‘கூட வேலை பார்த்தவன்’னு சொல்லிக்கிட்டுக் கடைசி வரிசையில நிக்கணும். இந்தத் துக்கத்தைக் கேட்க உங்க கேள்வித்தாள்ல எந்தக் கட்டம் இருக்கு?

சட்டைப் பையில இருக்கிற கூப்பனைத் துவைக்கப் போடுறப்போ மருமக எடுத்துப் பார்ப்பா. ஆளை அனுப்பினா காசுன்னா, மறுக்கத் தெரியாத நண்பரைத்தான் முதல்ல இழுத்துட்டு வருவாங்க. இருபது பேரோட நிதானமா உட்கார்ந்து பேசுங்க, போதும்.

குடமுருட்டி:
இருபது பேரோ இருநூறு பேரோ, ரத்தம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான துரிதப் பரிசோதனை, முன்பே சிகிச்சை எடுத்துக் குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். வயதானவர்களிடம் இது அடிக்கடி வரும். நோய் இப்போது இருக்கிறதா என்று கணிக்க உதவும் ஆர்.பி.ஆர். ரத்தப் பரிசோதனையின் அளவைப் பார்க்காமல், பழைய சிகிச்சையை விசாரிக்காமல் ‘நோய் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் இடிந்துபோவார்.

புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் 48 மணி நேரம் விந்து வெளியேறியிருக்கக் கூடாது. ஆசனவாய்வழி உறவில் ஏற்பவராக இருந்தால் ஒரு வாரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அளவு கூடிக் காட்டலாம். பேரப்பிள்ளையோடு வந்து நிற்பவரிடம் இதை எந்த டாக்டரும் கேட்பதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர், மெடிக்கலில் சில்டெனஃபில் (வயாகரா) வாங்கிச் சாப்பிடுகிறாரா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிருக்கே ஆபத்து.

அரசலாறு:
வெண்ணாறு சார், குடமுருட்டி சொல்வதற்காகவே எண்ணிக்கை வேண்டும் என்கிறேன். இருபது பேரின் பேச்சைக் காட்டி எந்த அதிகாரியிடமும் தனி நேரமோ தனி அறையோ வாங்க முடியாது. பாதுகாப்புக்குச் சட்டமும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பயம் தீர்ந்தது. அதே மாதம் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் 8ஆம் பிரிவு, எச்.ஐ.வி. நிலையை மட்டுமல்ல, நம்பிச் சொன்ன அந்தரங்கத் தகவலையும் வெளியிடக் கூடாது என்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளில், நெறிமுறைக் குழு அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதலுக்கும் இடமுண்டு. கையெழுத்தே தேவைப்படாது.

வெண்ணாறு:
377 போனது கோர்ட்டுல. தெருவுல போகலை. விஷயம் வெளியே போன பிறகு 8ஆம் பிரிவைத் தூக்கிக்கிட்டு எந்தப் பெரியவர் வழக்குப் போடுவார்? போட்டா ஊருக்கே தெரிஞ்சுடுமே! ஆய்வு எங்க நடக்குதுங்கிறதுதான் பாதுகாப்பு. உள்ளூர் ஜி.எச். ஓ.பி. வரிசை வேண்டாம், அங்க சீட்டு போடுற பொண்ணு பக்கத்துத் தெருவா இருக்கும். மாயவரத்துக்காரருக்குத் தஞ்சாவூர், தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சின்னு வைங்க. சாயங்காலத்துக்குள்ள வீடு திரும்புற மாதிரி நேரம் கொடுங்க. தை அறுவடை சமயத்துல கூப்பிடாதீங்க, நிலம் இருக்கிறவர் எங்கே போறார்னு வீட்டுல கேப்பாங்க.

அரசலாறு:
ஊர் மாற்றுவது சரி. காகிதக் கூப்பனையும் விடலாம், நான்கு இலக்க எண்ணைச் சொல்லி அனுப்பினால் போதும். அனுப்பியவருக்கான தொகையை மட்டும் விட மாட்டேன். அது இல்லாமல் சங்கிலி நகராது.

வெண்ணாறு:
அந்தத் தொகை இருக்கிற வரைக்கும் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

குடமுருட்டி:
காசு விவகாரம் ஒருபுறம் இருக்கட்டும். ஆய்வுக்கு வர நினைப்பவர் மிஸ்டு கால் கொடுத்தால் உடனே திரும்பக் கூப்பிடாதீர்கள். எப்போது பேசலாம் என்பதை முதலில் அவரை அனுப்பியவர் மூலமாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிட வேண்டும், ‘அப்புறம் பேசுறேன்’ என்றுகூடச் சொல்லக் கூடாது. ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம், அந்தப் போனைப் பேரன்தான் வைத்திருப்பான்.