மறுமொழி: ‘கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி’க்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

அறுந்த டி.என்.ஏவைச் செல் எப்படிச் சரிசெய்கிறது என்னும் கட்டுரைக்குச் சொற்கள் கேட்டு அம்மையார் எழுதிய மடலையும், அதற்கு வந்த மறுமொழிகளையும் ஒருசேரப் படித்தேன். கேட்டவற்றில் முதலாவது ‘கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி’, அதாவது மூலக்கூறுகளைக் கடுங்குளிரில் இறுகவைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் கருவி; ‘கிரையோ’ என்றால் கிரேக்கத்தில் குளிர். அதற்கு ‘உறைகுளிர்’ வேண்டாம், ‘கடுங்குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி’ என்றே வைத்துக்கொள்வோம் என்று பேச்சு முடியப்போகிறது போலிருக்கிறது. அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

‘உறை’யை விலக்க, மறுமொழி எழுதிய ஐயா ஒருவர் காட்டிய காரணம் இது: இந்த முறையில் நீர் பனிக்கட்டிப் படிகமாவதே இல்லை, ஆகவே ‘உறைதல்’ பிழை. முதற்பாதி முற்றிலும் சரி. எலக்ட்ரான் கற்றை ஓட வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் ஈரப் புரதம் உலர்ந்து சுருங்கிவிடும். சாதாரணமாகக் குளிரவைத்தாலோ நீர் படிகமாகி மூலக்கூறுகளை நெருக்கும். எலக்ட்ரான்களையும் சிதறடித்துப் படத்தைக் கெடுக்கும். 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷே கண்ட வழி, நீருக்குப் படிகமாக நேரமே கொடுக்காததுதான். மெல்லிய நீர்ப்படலம் தாங்கிய சிறு வலைத்தட்டைத் திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். நேரே திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால் அது கொதித்துத் தட்டைச் சுற்றி ஆவிப்போர்வை ஒன்று படர்ந்து குளிர்ச்சியைத் தாமதப்படுத்தும். அதனால் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் நைட்ரஜனைக் கொண்டு ஈத்தேனைக் குளிரவைத்து, அந்த ஈத்தேனில் நீரை அமிழ்த்துகிறார்கள். நீர் மூலக்கூறுகள் வரிசைகட்டுவதற்குள் அசைவு நின்றுவிடுகிறது. கண்ணாடியைப் போன்ற ஒழுங்கற்ற திண்மம் கிடைக்கிறது.

ஆனால் ‘உறைதல்’ என்றால் படிகமாதல் என்று யார் சொன்னது? அந்தப் பொருளை நாம் ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்துவந்து தமிழ்ச்சொல்லின் மேல் ஏற்றிவிட்டோம். பால் தயிராக உறைகிறது. நெய் உறைகிறது. காயத்தில் குருதி உறைகிறது. இவற்றில் எதிலும் நாம் பனிக்கட்டியை நினைப்பதில்லை; குளிர்கூடக் கட்டாயமில்லை. ஓடிக்கொண்டிருந்தது ஓட்டம் நின்று இறுகியது, அவ்வளவுதான் உறைதல். ஈத்தேனில் விழுந்த நீருக்கு நேர்வதும் இதுவே. இன்னொன்றும் இருக்கிறது: உறைதல் என்றால் தங்குதல், உறைவிடம் என்கிறோமே, அந்த உறைதல். புரதமும் டி.என்.ஏவும் அந்தக் கணத்தில் எந்த வடிவில் இருந்தனவோ அந்த வடிவிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு பொருளும் ஒரே வேரில் அமைந்த சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

‘கடுங்குளிர்’ வழியைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அது மிகப் பொருத்தம். அங்கே திரவ ஆக்சிஜனும் திரவ ஹைட்ரஜனும் கடுங்குளிரில் ஓட வேண்டும், உறைந்தால் எஞ்சினே இல்லை. நுண்ணோக்கியில் உறைவதுதான் வேலையே. கிரேக்க முன்னொட்டு ஒன்று என்பதற்காகத் தமிழிலும் இரண்டு இடத்தில் ஒரே சொல் நிற்க வேண்டியதில்லை.

‘உறைநிலை’ என்றும் ஒரு முன்மொழிவு வந்திருந்தது. இயற்பியல் பாடநூல்களில் அது திரவம் திண்மமாகும் வெப்பநிலைக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அங்கே கை வைக்க வேண்டாம். ‘விறைப்பு’ குளிருக்கு நல்ல தமிழ்தான், ஆனால் மருத்துவத்தில் வேறு பொருளில் வழங்குகிறது. எனவே என் முன்மொழிவு: கருவிக்கு ‘உறைவு எலக்ட்ரான் நுண்ணோக்கி’, முறைக்கு ‘உறைவு எலக்ட்ரான் நுண்ணோக்கல்’. சுருக்கமாக வேண்டுமானால் ‘உறைவு நுண்ணோக்கல்’. நீரின் இரு திண்ம நிலைகளைக் ‘கண்ணாடி உறைவு’, ‘படிக உறைவு’ என்று பிரித்துச் சொல்லலாம். ஈத்தேனில் அமிழ்த்துவதற்கு ‘நொடியுறைவு’. ஒரு வேரிலிருந்து பல சொற்கள் கிளைக்கின்றன. ‘கடுங்குளிர்’ வேரில் இது முடியாது. இலங்கை வழக்கில் எழுதுவோர் ‘உறைவு இலத்திரன் நுணுக்குக்காட்டி’ என்று சொல்லிக்கொள்ளலாம், முன்னொட்டு மாறாது.

முறைக்கு ‘நுண்ணோக்கியியல்’ வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘இயல்’ துறைக்கு உரியது. ஒரு செயலுக்குத் தொழிற்பெயரே போதும்.

அம்மையாரின் கட்டுரைக்கு இந்த முறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதிலும் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. புரத உருவத்தைக் காணும் பழைய வழியான எக்ஸ் கதிர் முறைக்குப் புரதமே படிகமாக வேண்டும். நெளிந்தும் வளைந்தும் வேலை செய்யும் பெரிய கூட்டமைவுகள் எளிதில் படிகமாவதில்லை. உறைவு நுண்ணோக்கலில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே துளியில் பல கட்டங்களில் நிற்கும் மூலக்கூறுகள் சேர்ந்தே உறைந்திருக்கும். மங்கலான ஆயிரக்கணக்கான படங்களை ஒத்தவற்றோடு ஒத்தவையாகக் கணினியில் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் சராசரியாக்கித் தெளிவான உருவம் பெறும் வழியை வகுத்தவர் யோவாகிம் ஃபிராங்க். அவருக்கும், டுபோஷேவுக்கும், 1990இல் ஒரு புரதத்தின் அணுநிலை உருவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டிய ரிச்சர்ட் ஹெண்டர்சனுக்கும் 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அம்மையார் வரைவில் உள்ள ‘அசையாப் படம்’ என்பதை ‘கட்டப் படம்’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். கிடைப்பது ஒரே ஒரு படம் அன்று, செயலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று.

இனி அவர் கேட்ட இரண்டாவது சொல். டி.என்.ஏவின் இரு இழைகளும் ஒருசேர அறுவதை ‘ஈரிழை முறிவு’ என்கிறார். அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஆனால் முறிந்த முனைகளை நேரடியாகச் சேர்க்கும் முறைக்கு ‘ஒத்திசைவற்ற முனை இணைப்பு’ என்பதை ஏற்க இயலவில்லை. ஒத்திசைவு என்பது இசையிலும் அதிர்விலும் வருவது. இங்கே பேச்சு, இரு முனைகளின் டி.என்.ஏ எழுத்து வரிசை ஒத்திருக்கத் தேவையில்லை என்பது. இல்லாத ஒன்றால் பெயர் வைப்பதைவிட நடப்பதால் பெயர் வைக்கலாமே: ‘நேர்மூட்டல்’. துணியின் இரு விளிம்புகளை மூட்டுவதுபோல.

நடப்பதைப் பாருங்கள். கூ70, கூ80 என்னும் இரு புரதங்கள் சேர்ந்து வளையமாகி முறிந்த முனையில் கோத்துக்கொள்கின்றன. டி.என்.ஏ-பிகேசிஎஸ் என்னும் மிகப் பெரிய புரதம் வந்து பற்றுகிறது. அது 4,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. 2021இல் வெளிவந்த உறைவு நுண்ணோக்கல் உருவங்களில், முதற்கட்டத்தில் இரு முனைகளும் 100 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விலகியே நிற்கின்றன. பெரிய புரதம் விலகிய பிறகே முனைகள் நெருங்கி நேர்கோட்டில் அமைகின்றன. லிகேஸ்-4 என்னும் நொதி அவற்றை மூட்டுகிறது. முதலாவதைத் ‘தொலைநிலைக் கூட்டமைவு’ என்றும் அடுத்ததை ‘அண்மைநிலைக் கூட்டமைவு’ என்றும் சொல்லலாம்.

இதைச் ‘செப்பனிடல்’ என்று சொல்லத் தயங்குகிறேன். நேர்மூட்டலில் முனைகளில் சில எழுத்துகள் இழக்கப்படலாம், புதியவை சேரலாம். செப்பம் என்றால் ஒழுங்கு, நேர்மை. முன்பிருந்த ஒழுங்கு மீளும் இடத்துக்கே அச்சொல் தகும். பக்கத்தில் இருக்கும், அதே டி.என்.ஏவின் மற்றொரு படியைப் பார்த்து நிரப்பும் மறுசேர்க்கை முறைக்கு அது பொருந்தும். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட எழுத்தை வேறொரு பிரதியைப் பார்த்து நிரப்பிய பழைய வழக்கம் நமக்கு உண்டல்லவா? ‘படியெடுத்தல்’ ஆர்.என்.ஏ ஆக்கத்துக்குப் போய்விட்டதால் அதைத் தொடாமல் ‘இணைப்படிச் செப்பனிடல்’ என்று தருகிறேன். பொதுத்தலைப்பாக, எல்லா வகைக்கும் சேர்த்து, ‘டி.என்.ஏ பழுதுநீக்கம்’ போதும். 2015இல் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசிஸ் சான்சார் மூவரும் நோபல் பெற்ற ஆய்வுகளையும் அத்தலைப்பு தாங்கும்.

‘கட்டப் படம்’ என்பதில் ‘கட்டம்’ சதுரமாகப் புரிந்துகொள்ளப்படுமோ என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. ‘படிநிலைப் படம்’ என்றால் மேலே சொன்ன ‘படி’யோடு மோதுகிறது. இதற்கு மட்டும் குழுவினர் வேறு சொல் தந்தால், அம்மையார் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்