30-ஆ, 31-ஆ? அட்டைத்தறியில் பாடம் நடத்திய அனுபவம்

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். 23 பிள்ளைகள். பாதிப் பேர் தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், மற்றவர்கள் வீட்டில் பூந்தோட்ட வேலை.

அதில் ஒரு பையனுக்குப் பெருக்கல் என்றாலே முகம் இருண்டுவிடும். மூன்று நாள் வரவில்லையே என்று வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் விட்டு, திண்ணையில் பாட்டிக்குத் தார், அதாவது நெய்வதற்கான நூலைச் சின்னக் குழலில், சுற்றிக்கொண்டிருந்தான். "ஒரு தாருக்கு இவ்வளவு நெய்யலாம், இன்னும் பன்னிரண்டு சுத்துனா சாயங்காலம் வரைக்கும் காணும்" என்று பாட்டியிடம் சொல்கிறான். கணக்குச் சரி. வகுப்பில் வராத கணக்கு திண்ணையில் எப்படி வந்தது என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அடுத்த வாரம் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆளுக்கொரு தறி செய்தோம். அகலம் 15 செ.மீ. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. "மொத்தம் எத்தனை வெட்டு வரும்?" என்று கேட்டேன். வகுப்பே 30 என்றது. நானும் 30 என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டி முடித்து எண்ணினால் சிலருக்கு 31, சிலருக்கு 30. யார் தப்பாக வெட்டியது என்று ஒரே சண்டை. இரண்டு ஓரத்திலும் வெட்டினால் 31, ஒரு ஓரத்தை விட்டுவிட்டால் 30 என்பதை ஒரு பெண்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வேலிக்கு எத்தனை கால் நட வேண்டும் என்ற கணக்கைப் பல வருடம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒருநாளும் புரிந்ததில்லை. அவள் பூந்தோட்ட வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சண்டையே அடுத்த பாடத்தையும் கொடுத்தது. நீளவாக்கில் பாவு இழைகளைக் கட்டி, குறுக்கே போகும் ஊடை நூலை ஊசியில் கோத்து ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று ஓட்ட ஆரம்பித்தோம். 30 இழை வைத்தவள் சொன்னாள்: "டீச்சர், எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து திரும்பினாலும் மேலேதான் தொடங்குது." பக்கத்தில் 31 இழைக்காரன்: "எனக்கு ஒரு வரிசை மேலே, அடுத்த வரிசை கீழே." ஏன்? ஒற்றை எண், இரட்டை எண் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் அவர்களே விரல் வைத்து எண்ணிக் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். தப்பாக ஓட்டினால் இரண்டு இழை சேர்ந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். யாரும் சிவப்பு மையில் கோடு போட வேண்டாம். பிள்ளையே பார்த்து, பிரித்து, மறுபடி ஓட்டும். எனக்குத் தறியில் மிகவும் பிடித்தது இதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"டீச்சர், பிள்ளையத் தறிக்குழியிலேருந்து மேல ஏத்தணும்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறோம். இங்கயும் தறியவே குடுத்தா எப்படி? எங்க அப்பாவ இப்படித்தான் அரைநாள்ல வீட்டுக்கு அனுப்புனாங்க."

எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. அவர் சொன்னது 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த திட்டத்தை. கிராமப் பள்ளிகளில் பாதிநேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அதற்கும் முன்னால் 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி வேறு விஷயம். நூற்பு, நெசவு போன்ற ஒரு கைத்தொழில் வழியாகவே கணக்கும் மொழியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரலாம் என்றது. ஆனால் பிள்ளைகள் செய்த பொருளின் வருமானத்தில் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது, அதை என்னால் ஏற்க முடியாது. எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற காந்திகிராமம் அந்தச் சிந்தனையில் வளர்ந்த இடம்தான். இதையெல்லாம் அவரிடம் விளக்குவது முறையாகப் படவில்லை. அவர் பயம் நியாயமான பயம்.

"அண்ணே, உள்ள வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். எல்லாப் பிள்ளைகள் கையிலும் தறி இருந்ததைப் பார்த்தார். விற்க ஒன்றுமே இல்லை, கைக்குட்டை அளவுகூட வராது. ஒரு பிள்ளையின் துணி நடுவில் ஒடுங்கி இடுப்பு மாதிரி ஆகியிருந்தது. "ஊடைய இறுக்கி இழுக்காத தாயி, கொஞ்சம் வளைச்சு விட்டு ஓட்டு" என்று குனிந்து காட்டினார். அப்புறம் நிமிர்ந்து, வகுப்பைப் பார்த்து அவரே ஒரு கேள்வி போட்டார்: "அறுபதாம் நம்பர் நூல், எண்பதாம் நம்பர் நூல், எது மெல்லிசு?"

எல்லாரும் அறுபது என்றார்கள். எண் சின்னது, அதனால் நூலும் மெல்லிசு. அவர் சிரித்தார். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட எத்தனை சிட்டம் (நூல் சுருள்) இருக்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். எண் கூடக் கூட நூல் மெலியும். எதிர்விகிதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

எண்பதாம் நம்பருக்கு 80 × 840 போடச் சொன்னேன். அவர் பையன்தான் முதலில் முடித்தான். 67,200 கஜம். மீட்டராக்கி, கிலோமீட்டராக்கினால் 61 சொச்சம். "அரைக் கிலோகூட இல்லாத நூல் திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய மதுரை வரைக்கும் நீளும்" என்றதும் வகுப்பில் சத்தமே இல்லை. அந்த அப்பாவும் சும்மா நின்றார். இத்தனை வருடம் கையில் ஓடிய நூல்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்தார். பாவுக்கு ஏன் கஞ்சி போடுகிறோம், குழித்தறியில் ஈரப்பதம் இருந்தால் பருத்தி இழை ஏன் குறைவாக அறுகிறது என்பதெல்லாம் அவர் எடுத்த அறிவியல் பாடங்கள். தமிழுக்கு நான் நன்னூலில் இருந்து ஒரு பாடலை எடுத்தேன். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் கை, மதி (அறிவு) நூற்கும் கதிர் என்று போகும். துணிக்கும் புத்தகத்துக்கும் ஏன் ஒரே 'நூல்' என்று கேட்ட பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. மெல்லிய நூல் வேண்டாம், தடித்த பருத்தி நூலோ கம்பளி நூலோ போதும். முனை மழுங்கிய ஊசி வாங்குங்கள். வேகமாக முடிக்கிற பிள்ளைக்குக் கட்டத்தாளில் பூ வரையச் சொல்லி அதை நெய்யக் கொடுங்கள். எல்லாப் பாடத்தையும் தறியில் ஏற்ற முயற்சி செய்யாதீர்கள். நான் வரலாற்றுப் பாடம் ஒன்றை வலிந்து நுழைத்தேன், ஒட்டவே இல்லை.

அந்த முதல் நாள் கிளம்பும்போது, பையனின் நோட்டில் இருந்து 67,200 எழுதிய தாளைக் கேட்டு வாங்கினார் அவன் அப்பா. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்க அப்பாகிட்ட காட்டணும்" என்றார்.