கஸ்டம் ஆட்ரிபியூட்டில் ஜிஎஸ்டி விகிதம்: டெசிமல் ஏற்கவில்லை, சப் கிளாஸில் எக்செப்ஷன்

கேள்வி

சி ஷார்ப், டாட்நெட் 8. பில்லிங் புரோகிராமில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஒரு கிளாஸ். கிளாஸின் தலையிலேயே ஹெச்எஸ்என் குறியீடும் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) ஜிஎஸ்டி விகிதமும் இருக்கட்டும் என்று 'வரிவிவரம்' ஆட்ரிபியூட் (கிளாஸின் மேல் ஒட்டும் கூடுதல் குறிப்பு) எழுதியிருக்கிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது.

கன்ஸ்ட்ரக்டரில் விகிதத்தை டெசிமலாக (பத்தடிமான எண் வகை) வாங்கினால் சிஎஸ்0181 பிழை. டபுள் (பைனரி தசம எண் வகை) என்று மாற்றினால் கம்பைல் ஆகிறது, அப்படியே விடலாமா?

'உணவுப்பொருள்' பேஸ் கிளாஸிலும், அதிலிருந்து வரும் 'தேயிலை' கிளாஸிலும் இந்த ஆட்ரிபியூட் இருக்கிறது. தேயிலையில் ஆட்ரிபியூட்டைப் படிக்க கெட்கஸ்டம்ஆட்ரிபியூட் கூப்பிட்டால் ஆம்பிகுவஸ்மேட்ச் எக்செப்ஷன். அலவ்மல்டிபிள் (ஒரே ஆட்ரிபியூட்டைப் பல முறை போட விடும் அமைப்பு) ட்ரூ.

50,000 பில் வரிசைகளை சிஎஸ்வி ஆக்கும்போது வரிசைக்கு ஒரு முறை ஆட்ரிபியூட்டைப் படிக்கிறேன். மிகவும் மெதுவாக ஓடுகிறது.

பதில் 1

டெசிமல் ஏன் ஆகாது என்றால், ஆட்ரிபியூட்டுக்குக் கொடுக்கும் மதிப்புகளை கம்பைலர் அசெம்பிளியின் (கம்பைல் ஆகி வரும் ஃபைல்) மெட்டாடேட்டாவுக்குள் பைட்டுகளாக எழுதிவிடுகிறது. எழுத்துச் சரம், பூல், கேரக்டர், முழு எண் வகைகள், ஃப்ளோட், டபுள், ஈனம், டைப், இவற்றின் ஒற்றைப் பரிமாண அரே ஆகியவற்றுக்குத்தான் அங்கே இடம். டேட்டைமுக்கும் இதே கதிதான். கான்ஸ்ட் டெசிமல் எழுத முடிகிறதே என்று தோன்றலாம். அதையும் கம்பைலர் உள்ளுக்குள் டெசிமல்கான்ஸ்டன்ட் என்ற ஆட்ரிபியூட்டாக மாற்றித்தான் வைக்கிறது.

பணக் கணக்கில் டபுள் வேண்டாம். 0.18 பைனரியில் துல்லியமாக அடங்காது. "0.18" என்று சரமாகக் கொடுத்து கன்ஸ்ட்ரக்டரில் பார்ஸ் செய்யலாம். ஆனால் இன்வேரியன்ட் கல்ச்சர் (கணினியின் மொழி அமைப்பைச் சாராத எண் வடிவம்) கொடுக்க மறக்காதீர்கள். ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் புள்ளி ஆயிரப் பிரிப்பான், 0.18 என்பது 18 ஆகிவிடும். அதைவிட, சதவீதத்தில் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து 1800 என்று முழு எண்ணாகக் கொடுப்பது எளிது.

இன்னொன்று: ஆட்ரிபியூட்டின் கன்ஸ்ட்ரக்டர் கம்பைல் நேரத்தில் ஓடாது, புரோகிராம் ஓடும்போது ரிஃப்ளெக்ஷனில் (மெட்டாடேட்டாவைப் படிக்கும் வசதி) படிக்கும்போதுதான் ஓடும். "0.1B" என்று தவறாக அடித்திருந்தாலும் பில்ட் பச்சையாகவே முடியும், அந்தப் பொருளை முதன்முதலில் பில் போடும்போதுதான் வெடிக்கும். அசெம்பிளியில் உள்ள எல்லா டைப்பையும் சுற்றி ஆட்ரிபியூட்டைப் படித்துப் பார்க்கும் ஒரு யூனிட் டெஸ்ட் கட்டாயம் வேண்டும்.

பதில் 2

எக்செப்ஷனுக்குக் காரணம் அலவ்மல்டிபிளும் இன்ஹெரிட்டடும் சேர்ந்து செய்வது. இன்ஹெரிட்டட் என்பது பேஸ் கிளாஸின் ஆட்ரிபியூட் சப் கிளாஸுக்கும் வருமா என்ற அமைப்பு, நீங்கள் எழுதாவிட்டாலும் ட்ரூதான். அலவ்மல்டிபிள் ட்ரூ என்றால் பேஸில் உள்ளது ஒன்று, தேயிலையில் உள்ளது ஒன்று என இரண்டும் வரும். ஒன்றை மட்டும் தரும் கெட்கஸ்டம்ஆட்ரிபியூட் எதை எடுப்பது என்று தெரியாமல் எக்செப்ஷன் எறிகிறது. உங்களுக்கு ஒரு கிளாஸுக்கு ஒன்றுதானே வேண்டும்? அலவ்மல்டிபிளை ஃபால்ஸ் ஆக்குங்கள். அப்போது தேயிலையில் உள்ளது பேஸில் உள்ளதை மறைத்துவிடும். டார்கெட்டையும் கிளாஸ் என்று கட்டிவிடுங்கள். யாராவது ப்ராப்பர்ட்டி மேல் போட்டால் சிஎஸ்0592 வந்து தடுக்கும்.

வேகத்துக்கு: ஒவ்வொரு அழைப்பும் மெட்டாடேட்டாவை மறுபடி பிரித்துப் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றைக் கட்டுகிறது. 50,000 வரிசைக்கு 50,000 ஆப்ஜெக்ட். படித்ததைச் சேமித்து வைக்க, டைப்பைச் சாவியாக வைத்து ஒரு கன்கரன்ட் டிக்ஷனரி, அதில் கெட்ஆர்ஆட் (இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் சேர்க்கும்). 40 வகைப் பொருள் என்றால் ஏறக்குறைய 40 முறைதான் ரிஃப்ளெக்ஷன் நடக்கும். ஆட்ரிபியூட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் இஸ்டிஃபைன்ட் போதும், அது ஆப்ஜெக்ட் கட்டாது.

பதில் 3

மேலே சொன்ன திருத்தங்கள் சரி. ஆனால் விகிதத்தை ஆட்ரிபியூட்டில் வைப்பதே தவறு என்று அழுத்திச் சொல்வேன். அதில் எழுதியது அசெம்பிளியோடு உறைந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 12% அடுக்கில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5%க்கு வந்தன. அந்த ஒரு நாளுக்காக ரீபில்ட் செய்து எல்லாக் கடைக்கும் அனுப்ப வேண்டும். அதோடு முடியாது: செப்டம்பர் 21 தேதியிட்ட பில்லுக்கு ரிட்டர்ன் வந்தால் பழைய விகிதம் வேண்டும், அது இப்போது கோடில் எங்கும் இருக்காது.

குறியீடு மட்டும் கிளாஸின் மேல் இருக்கட்டும்:

[வரிவிவரம்("0902")]

விகிதம் டேட்டாபேஸ் டேபிளில்: குறியீடு, விகிதம், தொடங்கும் தேதி, முடியும் தேதி. பில் தேதியை வைத்துத் தேடுங்கள். டேபிளில் டெசிமல் தாராளமாக வைக்கலாம், உங்கள் முதல் பிழையும் போய்விடும். குறியீடு சரமாகவே இருக்க வேண்டும். முழு எண்ணாக்கினால் தேயிலையின் 0902 என்பது 902 ஆகிவிடும்.

கேட்டவர்

நன்றி. விகிதத்தை டேபிளுக்கு மாற்றுகிறேன். குறியீட்டை பேஸ் கிளாஸுக்குப் பதில் இன்டர்ஃபேஸ் மேல் போட்டால் தேயிலைக்கு வருமா?

பதில் 2

வராது. இன்ஹெரிட்டட் ட்ரூ என்பது பேஸ் கிளாஸ் வழிக்கு மட்டும்தான். இன்டர்ஃபேஸில் உள்ளது வேண்டுமென்றால் கெட்இன்டர்ஃபேஸஸ் வாங்கி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்; இரண்டு இன்டர்ஃபேஸில் இருந்தால் எது வெல்லும் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். பேஸ் கிளாஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.