தம்பி இல்லை, அண்ணன்

கல்லூரியில் என்எஸ்எஸ் எனும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். மரம் நட்டது, கண் தான ஊர்வலம் போனது எல்லாம் சேர்த்தும் எனக்கு நாற்பது சொச்சம் மணி நேரம் இடித்தது. அதற்காகத்தான் சனிக்கிழமைகளில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போக ஒப்புக்கொண்டேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் கதை விட மாட்டேன்.

அறிவுசார் குறைபாடு உள்ள பதினாறு பேர் அங்கே வேலை பழகுகிறார்கள். எல்லோரும் சிறப்புப் பள்ளி முடித்தவர்கள். வாசல் பலகையில் இன்னும் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றுதான் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல் மாறிவிட்டது, பலகை மாறவில்லை. பெயின்டருக்கு யார் காசு கொடுப்பது?

பாக்கு மட்டைத் தட்டுதான் அங்கே முக்கிய வேலை. மட்டையை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தி, ஓரம் வெட்டி, துடைத்து, பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். என்னைக் கட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர். மழமழவென்று ஷேவ் செய்த முகம், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. “என்ன தம்பி, சாப்டாச்சா?” என்றேன்.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி இல்ல. அண்ணன்.”

அவருக்கு 27 வயது. எனக்கு 19.

அவர் முன்னால் ஒரு பலகை இருந்தது, கிட்டத்தட்ட பல்லாங்குழி மாதிரி. பத்துக் குழி. ஒரு தட்டு அடுக்கினால் ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டை. குழி எல்லாம் நிறைந்தால் கட்டு முடிந்தது, கயிறு போடலாம். ஆறுக்கு மேல் அவருக்கு எண்கள் குழம்பும், ஆனால் அந்தப் பலகை இருந்தால் ஒரு கட்டுகூடத் தப்பாது. இது தெரியாமல், மெதுவாகச் செய்கிறாரே என்று நானும் கூடச் சேர்ந்து மளமளவென்று தட்டுகளை அடுக்கினேன். கொட்டைக் கணக்கு ஒரு பக்கம், தட்டுக் கணக்கு ஒரு பக்கம் ஆகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. எல்லாத் தட்டையும் எடுத்துக் கீழே வைத்தார், கொட்டைகளைக் கிண்ணத்தில் கொட்டினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு நான் செய்த உதவியால் மையத்துக்கு நஷ்டம் அரை மணி நேரம்.

அங்கிருந்த சிறப்பாசிரியர் திட்டவில்லை. “உதவி பண்ணணும்னு கை துறுதுறுன்னு வந்தா, கையைக் கட்டிக்கிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க தம்பி. அதுக்குள்ள அவங்களே பண்ணிடுவாங்க” என்றார். நம்ப மாட்டீர்கள், பெரும்பாலும் ஏழு எண்ணுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டிலிருந்து தொடங்குகிறார். பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் அவர்களிடம் விடுவார். அது பழகியதும் அதற்கு முந்தின துண்டு. முடிக்கிற வேலை எப்போதும் அவர்கள் கையில்.

ஒருமுறை எங்கள் கல்லூரியிலிருந்து பெரிய கூட்டமாகக் கேக்கோடு வந்தார்கள். “ஊட்டி விடுங்க, ஃபோட்டோ எடுக்கணும்” என்றார் கூட வந்த பேராசிரியர். ஒரு மாணவி கேக்கை அண்ணன் வாய்க்கு நேராக நீட்டினாள். அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டார். அவளும் “ஆ காட்டு, ஆ காட்டு” என்கிறாள். கடைசியில் அவர் அவள் கையிலிருந்து கேக்கை வாங்கித் தட்டில் வைத்து, கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். அந்தப் படம் மட்டும் யாரும் எடுக்கவில்லை.

* * *

மேலே எழுதியவர் ‘கையைக் கட்டிக்கொள்’ என்றதும் எனக்கு மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. நான், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்தின் முகாம் ஒன்றில் பார்ட்னராக ஆடியவள். அறிவுசார் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுவதை யூனிஃபைட் என்பார்கள். நான் ஆடியது போச்சி. பேரைக் கேட்டதும் ‘எல்லாம் போச்சு’ என்று சிரித்தோம். 60 அடி நீளம், 12 அடி அகலக் களம். சின்னக் குண்டு ஒன்றை முதலில் உருட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் யார் பெரிய குண்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதுதான் ஆட்டம். இரட்டையரில் ஆளுக்கு இரண்டு குண்டு.

என் ஜோடி 22 வயதுப் பெண். நான் கல்லூரி த்ரோபால் அணி, அதனால் அவளுக்கும் சேர்த்து நான்தான் ஆடப்போகிறேன் என்ற நினைப்பு. முதல் நாள் என் குண்டு இரண்டும் விர்ரென்று போய்க் கடைசிப் பலகையில் இடித்தன. அவள் குனிந்து, ஏதோ தரையில் கோலப்பொடி விடுகிற மாதிரி மெல்ல விரலைத் திறந்தாள். சின்னக் குண்டை உரசிக்கொண்டு நின்றது. திரும்பி என்னிடம், “அக்கா, வேகம் வேணாம்” என்றாள். அப்புறம் மூன்று வாரம் அவள்தான் எனக்குக் கோச்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எங்களில் பலர் ஓடிப்போய் எல்லோரையும் கட்டிப்பிடித்தோம். பயிற்சியாளர் தடுத்தார். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்தப் போட்டிகளில் ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் கட்டிப்பிடிப்பதற்கென்றே தன்னார்வலர்களை நிறுத்துவார்களாம். “வளர்ந்த பொண்ணு. உங்க டீம்ல ஜெயிச்சா என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க” என்றார். நானும் என் ஜோடியும் கையில் கை தட்டிக்கொண்டோம். அவள் தட்டு கொஞ்சம் பலமானது, இன்னும் உள்ளங்கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

* * *

நான் மாணவி இல்லை, அந்தப் பக்கத்து ஆள். என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. கல்லூரிப் பிள்ளைகள் வந்து போனதை வீட்டிலிருந்து பார்த்தவள்.

நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஒரு பையன் தம்பியை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பழக்கினான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை, ஆனால் எங்களுக்குத்தான் கூட்டிப்போகத் தெம்பு இருந்ததில்லை. நடத்துநர் அந்தப் பையனிடம், “இவர் எங்க இறங்கணும்?” என்று கேட்டிருக்கிறார். “அவரையே கேளுங்கண்ணே” என்றிருக்கிறான். தம்பி ஊர் பேரைச் சொல்ல முழுசாக ஒரு நிறுத்தம் ஆனதாம். பஸ்ஸில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்து தம்பி அந்த ஊர் பேரை இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் அதற்கு முன் வந்த ஒரு பெண், செமஸ்டர் முடிந்ததும் சொல்லாமல் நின்றுவிட்டாள். அவளுக்கு ஏப்ரலில் பரீட்சை, அப்புறம் லீவு, அப்புறம் வேலை. இயல்புதான். தம்பிக்கு அது எப்படித் தெரியும்? சனிக்கிழமை காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிடுவான். பதினோரு மணி வரை. தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாளை மட்டும் கிழிக்க விட மாட்டான், கிழித்தால் அக்கா வர மாட்டாள் என்று. எங்கள் வீட்டில் ஆகஸ்ட் வரை சனிக்கிழமைத் தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பஸ் பையனிடம் இதைச் சொல்லியிருந்தேன். அவன் கடைசி வருடம் முடிகிற சமயம், ஒரு மாதம் முன்னாலேயே மாதக் காலண்டரை எடுத்துத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு சனிக்கிழமைக்குப் பச்சை வட்டம். ஐந்தாவதில் பெருக்கல் குறி. “இதுல வர மாட்டேன். வேலைக்குப் போறேன்.” ஒவ்வொரு வாரமும் வந்ததும் தம்பி கையாலேயே ஒரு வட்டத்தை அடிக்க வைத்தான்.

நாலாவது சனிக்கிழமை தம்பி கடைசி வட்டத்தை அடித்தான். கொஞ்ச நேரம் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அந்தப் பையனிடம், “எந்த பஸ்ல போற?” என்று கேட்டான்.